காற்று வெளியேறும் வரை

யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஏ ஃபோட்டியைத்தான். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று அறுபது எழுபது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார்கள் எங்கள் தெருக்களில் இன்னமும் ஓடுகின்றன. கலியாண வீட்டுக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டு போகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, பெற்றோல் வருவது நின்ற பிறகு, இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை வீட்டுக்கு வீடு கேட்கலாம். ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம்.

அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது எரிபொருளைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் குந்தியிருக்கும் காற்றைப் பற்றி.

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த கார் அது. 1948 முதல் 1971 வரை செய்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் இதுதான் என்பதை வாப்பா தன்னுடைய சொந்தச் சாதனை போலச் சொல்லுவார். எங்களுடையது 948 சீசீ எஞ்சின். வாப்பாவின் தொழில் பழைய இரும்பு வியாபாரம். ஒரு வளவில் பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில் கிடந்த இந்தக் காரை இரும்புக்காக வாங்கி வந்தவர், அதை உடைக்க மனமில்லாமல் ஒன்றரை வருடம் திருத்தி ஓட வைத்தார். 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையும் பிறகு கியூஆர் அட்டையும் வந்தன. இரும்பு வியாபாரம் படுத்துவிட்டது. அப்போது வீட்டில் அடுப்பெரிந்தது இந்தக் காரால்தான். காலையில் நான்கு சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது, இடையில் கிடைக்கும் ஹயர்கள், மாதத்தில் ஒன்றிரண்டு கலியாணம்.

அந்தக் கார் ஒரு கிழமைக்குள் மூன்று தடவை கொதித்தது.

ரேடியேற்றர் ஒழுகியதால் அதைக் கழற்றிக் கொடுத்து, துப்புரவாக்கி, ஈயம் வைத்து வாங்கிப் பூட்டியிருந்தார்கள். தெர்மோஸ்ரற்றும் புதிது. ரேடியேற்றரின் கழுத்து வரை தண்ணீர். என்றாலும் கொதித்தது. மூன்றாவது தடவை பலாலி வீதியில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பிள்ளைகள் நால்வரும் உள்ளே இருக்க, போனற்றின் இடுக்கால் ஆவி சீறியது. வாப்பா பிள்ளைகளை இறக்கி ஒரு மதில் நிழலில் நிறுத்தி, ஓட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, இரண்டு மணித்தியாலம் காருக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த நாள் ஒரு கராச்சில் காட்டியபோது, ஹெட் வெடித்துவிட்டது, வேறு ஹெட் தேடவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்களிடம் இல்லை. பிள்ளைகளின் பெற்றோரில் இருவர், கார் திருந்தும்வரை வேறு ஒழுங்கு செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு வாப்பா என்னுடைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மைனரின் எடை ஏறத்தாழ 750 கிலோ. அதைக் கிலோ விலையால் பெருக்கி, கண்ணாடியையும் ரயரையும் சீற்றையும் கழித்து, பித்தளையையும் செம்பையும் தனியாகக் கூட்டி வைத்திருந்தார். இரும்பு வியாபாரிக்கு அந்தக் கணக்குக் கைவந்தது. உம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார்.

இந்த இடத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பௌதிகவியல் படிக்கிற தங்கைமாருக்கு இது பரீட்சைக்கும் உதவும்.

பெற்றோல் எரிந்து வருகிற சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு மூன்றிலொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மிச்சம் எஞ்சினின் இரும்புக்குள் இறங்குகிறது. அதை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகாவிட்டால் இரும்பு வளையும், எண்ணெய் கருகும், பிஸ்ரன் இறுகும். அள்ளுவதற்குத் தண்ணீரைவிட நல்லதொன்று மலிவாகக் கிடைக்காது. தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4200 என்று சாதாரண தரத்தில் பாடமாக்கினோம். வளியினுடையது ஏறத்தாழ 1000. நான்கிலொரு பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது கிலோவுக்குக் கிலோ பார்த்த கணக்கு. எஞ்சினுக்குள் இருப்பது கிலோ அல்ல, இடம். ஒரு கோப்பைத் தண்ணீரையும் ஒரு கோப்பைக் காற்றையும் ஒரே அளவு சூடாக்கிப் பார்த்தால், தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். ஆகவே ஹெட்டுக்குள் ஒரு கோப்பை அளவு காற்று நின்றால் அந்த மூலையில் குளிர்ச்சி என்று ஒன்றே இல்லை. அங்குள்ள இரும்பு பழுக்கும், ஓரத்தில் வந்து முட்டுகிற தண்ணீர் உடனே ஆவியாகும், ஆவி மேலும் இடத்தைப் பிடிக்கும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ரேடியேற்றர் மூடியால் வெளியே வரும். தெருவில் நிற்பவர் காண்பது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். பார்த்தவுடன் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்.

மைனரில் வெப்பநிலை காட்டும் மானியும் இல்லை. பெற்றோல் மானி ஒன்று, இரண்டு மூன்று சிறு விளக்குகள், அவ்வளவுதான். சிலர் தனியாக ஒரு மானி வாங்கிப் பூட்டுவார்கள். அதன் உணர்முனை காற்றுக்குள் அகப்பட்டுவிட்டால் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நடுவில் நிற்கும். ஆக, மூக்கும் காதும்தான் மானி.

திருநெல்வேலியில் ஓர் ஐயா இருக்கிறார் என்று சொன்னது வாப்பாவின் கூட்டாளி ஒருவர். சந்தையையும் பல்கலைக்கழகத்தையும் தாண்டி, தோட்டங்கள் தொடங்கும் பக்கம் ஒரு ஒழுங்கையில் வீடு. கராச் என்று பெயர்ப்பலகை எதுவும் இல்லை. மாமரம், அதன் கீழ் தகரக் கொட்டில், கொட்டிலுக்குள் பாதி கழற்றிய ஒரு கேம்பிறிட்ஜ். ஐயாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரம், கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். வேலையை விட்டுப் பல வருடமாம். "பழசுகளை மட்டும் பாக்கிறது" என்றார். அன்று சனிக்கிழமை. காரை ஒரு லான்ட் மாஸ்ரரில் கட்டி இழுத்து வந்திருந்தோம். ஸ்ரியறிங்கை வாப்பா பிடிக்க, பின்னால் ஓட்டோவில் நான் வந்தேன். உம்மா என்னையும் போகச் சொன்னதற்குக் காரணம், வாப்பா கோபத்தில் காரை அங்கேயே விற்றுவிட்டு வந்துவிடுவார் என்ற பயம்.

ஐயா முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்பக்கத்தை விரலால் தடவினார். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார்.

"ஹெட் வெடிச்சிருந்தா, இல்லாட்டி காஸ்கெற் போயிருந்தா, பெரும்பாலும் எண்ணெய் பால்தேத்தண்ணி மாதிரிக் கிடக்கும். பிளக் ஒண்டு கழுவினமாதிரி இருக்கும். இதிலை அப்படி ஒண்டையும் காணேல்லை. ஆனா இதை வைச்சு மட்டும் சொல்லேலாது."

பிறகு எவரும் எங்களுக்குச் செய்யாத ஒன்றைச் செய்தார். தண்ணீரை அளந்தார்.

ரேடியேற்றரின் அடியில் ஒரு சிறு குழாய்த் திறப்பு உண்டு. எஞ்சினின் பக்கத்திலும் இன்னொன்று உண்டு. இரண்டையும் திறந்து வாளியில் பிடித்தோம். எஞ்சின் பக்கத்தது திறந்தும் வரவில்லை. கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தியதும் வெள்ளைச் சுண்ணாம்பும் துருவும் கலந்த குழம்பு விழுந்து, பின்னர் தண்ணீர் வந்தது. கடைசிச் சொட்டு வரை பிடித்து, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் என்னை அளக்கச் சொன்னார். இரண்டு போத்தல் நிறைந்து, மூன்றாவதில் நாலு விரல் உயரம். மூன்றேகால் லீற்றர் என்றேன்.

"இந்தக் கார் அஞ்சு லீற்றருக்கு மேலை குடிக்கும். தம்பி, காலமை ரேடியேற்றர் நிறைய விட்டனீங்களோ?"

"கழுத்து மட்டம் விட்டன் ஐயா."

"அப்ப மிச்சத்திலை காத்து இருக்கு."

வாப்பா என்னைப் பார்த்தார். கழுத்து மட்டம் தண்ணீர் தெரிகிற ரேடியேற்றருக்குப் பின்னால் இரண்டு லீற்றர் காற்று நிற்க முடியும் என்பதை அந்த மூன்று போத்தல்கள்தான் எங்களுக்குக் காட்டின.

ஆனால் மைனரில் ரேடியேற்றர் உயரமானது. தண்ணீர் ஊற்றும் வாய்தான் முழு ஒழுங்கிலும் மேலான இடம். பிற்காலத்துக் கார்களில் போனற்றைத் தாழ்த்துவதற்காக ரேடியேற்றரையும் தாழ்த்திவிட்டார்கள். அதனால் அவற்றில் காற்றை விடுவதற்கென்றே தனித் திருகாணிகள் இருக்கும். மைனருக்கு அது தேவையில்லை. காற்று தானாகவே மேலேறி வாயால் போய்விடவேண்டும். ஏன் போகவில்லை?

ஐயா ஹெட்டின் முன்பக்கத்து மூடியைக் கழற்றித் தெர்மோஸ்ரற்றை எடுத்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இது ஹெட்டிலிருந்து ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும் ஒரு கதவு. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வந்ததும், எங்களுடையதில் 82 பாகையில், திறந்து தண்ணீரைச் சுற்றவிடும். எங்களைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு 74 பாகையில் திறப்பதையும் அந்தக் காலத்தில் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான தெர்மோஸ்ரற்றுகளின் தட்டில் ஒரு சிறு துளை இருக்கும். சிலவற்றில் அந்தத் துளைக்குள் ஒரு ஆணி தொளதொளவென்று ஆடும். அதைப் பழுது என்று நினைக்கக் கூடாது. கதவு மூடியிருக்கும்போது அதன் கீழே சேர்கிற காற்று மேலே போவதற்கு வைத்த ஓட்டை அது. எங்களுக்குப் புதிதாகப் பூட்டியிருந்ததில் அந்தத் துளை இல்லை. குளிர்ந்த எஞ்சினில் தண்ணீரை ஊற்றியபோது ரேடியேற்றர் நிறைந்தது. அடியால் எஞ்சினுக்குள் ஏறிய தண்ணீர் பாதியில் காற்றில் முட்டி நின்றது. காற்றுக்குக் கதவு மூடியிருந்தது.

"தெர்மோஸ்ரற்றையே கழட்டி எறிஞ்சா என்ன ஐயா? இந்த வெயிலுக்கு அது எதுக்கு எண்டு எல்லாரும் கேக்கிறாங்க" என்று வாப்பா கேட்டார். யாழ்ப்பாணத்தில் பாதிக் கார்களில் அது இல்லை என்பது அவருடைய கணிப்பு. ஐயா தலையை ஆட்டினார். இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், தேய்மானம் கூடும், மண்ணெண்ணெய்க் காலத்தில் அது இல்லாத எஞ்சின்கள்தான் அதிகம் புகைத்தன என்றார். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாவதற்கு எஞ்சின் சூடாக இருக்கவேண்டும் என்பது உண்மை. அந்த எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட பழைய உழவு இயந்திரங்களில் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு திரை போட்டுச் சூட்டைக் காத்தார்கள் என்று பின்னர் வாசித்தேன்.

ஐயா அந்தத் தட்டில் 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை போட்டார். கைத்துளைப்பான்தான். கறுக் கறுக்கென்று சுற்றி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆயிரக்கணக்கில் செலவு என்று நாங்கள் பயந்த வருத்தத்துக்கு மருந்து அந்தத் துளைதானா என்று அப்போது சொல்ல முடியாது. வெடிப்பும் இருக்கலாம், காற்றும் இருக்கலாம். மூன்று தடவை கொதித்த எஞ்சின். ஐயாவே அதைச் சொன்னார்.

"காத்து எல்லாத்தையும் எடுத்துப்போட்டுத்தான் வெடிப்பு இருக்கோ இல்லையோ எண்டு பாக்கலாம். அடைபட்ட காத்தெண்டா குமிழி வரும், வந்து முடியும். வெடிப்பெண்டா சிலிண்டருக்குள்ளை இருந்து புகை தள்ளிக்கொண்டே இருக்கும், குமிழி முடியவே முடியாது."

அடுத்தது ஏற்றம். காரின் மூக்கு உயர்ந்து நின்றால், ஹெட்டின் பின்மூலையில் நிற்கிற காற்று முன்பக்கத்துக்கு நகர்ந்து வாயை நோக்கி வரும். கண்டிப் பக்கம் என்றால் ரோட்டில் எங்கு நிறுத்தினாலும் ஏற்றம்தான். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் தேடுவது எளிதா? கடைசியில் ஐயாவின் வளவில் பழைய வீட்டு அத்திவாரம் ஒன்று ஒன்றேகால் அடி உயரத்தில் நின்றது. அதற்குப் பலகைகளைச் சாய்த்து வைத்து, ஒழுங்கையால் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்களையும் கூப்பிட்டு, முன்சில்லுகளை அதில் ஏற்றினோம். கல் முட்டுக் கொடுத்துவிட்டு ஐயா தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அவருடைய மனைவி பனங்கட்டியும் கொண்டு வந்தா.

குடித்துக்கொண்டிருக்கும்போது ஐயா வாப்பாவிடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். சோனகத் தெருப் பக்கம் என்றதும், அங்கே மூலையில் ஓர் இரும்புக்கடை இருந்ததே என்றார். அது மூத்த வாப்பாவின் கடை. "ஹோஸ் கிளிப், நட்டு, போல்ற்று எல்லாம் அவரட்டைத்தான் எடுக்கிறது. கடனுக்கும் தருவார். தொண்ணூறிலை நீங்கள் எல்லாரும் போனாப் பிறகு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். 1990 ஒக்ரோபர் 30 இல் வாப்பாவுக்கு ஒன்பது வயது. புறப்படக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் வளர்ந்து, பாதை திறந்த பிறகு திரும்பி வந்தவர். கொஞ்ச நேரம் கழித்து ஐயா, "கிளிப் இல்லாமல் சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமா வெட்டி ஹோஸைச் சுத்திக் கட்டினனாங்கள்" என்றார். "அது தாங்குமா?" என்று வாப்பா கேட்டார். "அஞ்சாறு மைல் தாங்கும்." அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கோப்பைகளை நான் கழுவி வைத்தேன்.

தண்ணீர் ஊற்றும் வேலையை ஐயா என்னிடம் தந்தார். கிணற்றுத் தண்ணீர் அல்ல. யாழ்ப்பாணத்தின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது கல்சியம் காபனேற்றாகப் படியும். எங்கள் கேத்தல்களின் அடியில் இருக்கும் வெள்ளைப் படிவு அதுதான். ரேடியேற்றரின் ஒல்லிக் குழாய்களும் ஒரு வகைக் கேத்தல்தானே. அந்தக் கம்பியால் குத்தி எடுத்த சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. ஐயா கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, மூடிப் பாதுகாத்து வைத்திருந்தார். அதோடு கடையில் வாங்கிய குளிர்திரவத்தையும் கலந்தார். அந்தப் போத்தலின் லேபிளில், பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு மிகவும் தேவையான உத்தரவாதம். ஆனால் அதில் துருவைத் தடுக்கும் சரக்கும் இருக்கிறது, மழைத் தண்ணீரை மட்டும் விட்டால் இரும்பு அரிக்கும் என்று ஐயா விளக்கினார்.

ரேடியேற்றரில் ஊற்றவில்லை. தெர்மோஸ்ரற் கழற்றிய வாயால், நேரே ஹெட்டுக்குள், ஒரு சின்னப் புனலால் ஊற்றினேன். எஞ்சின் பக்கத்துத் திறப்பு திறந்தே இருந்தது. முதலில் அது இருமியது. காற்றும் தண்ணீரும் மாறி மாறித் துப்பியது. பிறகு கயிறு போல ஒழுங்காக விழுந்தது. அப்போது மூடினார். ஹெட்டின் பின்பக்கம், குளிர்நாடுகளில் ஹீற்றருக்குத் தண்ணீர் போகும் இடம், எங்கள் காரில் ஒரு தகட்டால் அடைக்கப்பட்டிருந்தது. அந்தத் தகட்டின் நட்டுகளை ஐயா கொஞ்சம் இளக்கினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். நீண்ட சத்தம். பிறகு ஓரத்தால் நீர் கசிந்தது. நட்டுகளை இறுக்கினார்.

"பிள்ளை, கிணத்துப் பம்ப் இறைக்கேக்கை பாத்திருக்கிறீங்களோ? முதல்லை தண்ணி விட்டுக் காத்தை எடுக்காட்டி எவ்வளவு ஓடினாலும் தண்ணி வராது. இதுக்குள்ளை கிடக்கிறதும் அதே பம்ப்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் தோட்டத்தில் அப்போதும் ஒரு பம்ப் இறைத்துக்கொண்டிருந்தது. சுழலும் இறக்கைகள் தண்ணீரை எறியும். காற்றை எறிய அவற்றால் முடியாது, அது நடுவில் சுழன்றபடி நிற்கும். எஞ்சினின் முன்னால் விசிறியோடு சுற்றுகின்ற வோட்டர் பம்புக்கும் அதே நிலைதான். பம்ப் இல்லாத கார்களும் இருந்தன. ஃபோர்ட்டின் மொடல் ரீ கார்களில் பெரும்பாலானவை, சூடான நீர் மேலேறும் குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற மேற்காவுகையை மட்டும் நம்பி ஓடின. அங்கேயும் தண்ணீர் மட்டம் மேல்க் குழாய்க்குக் கீழே போனால் சுற்றோட்டம் அறுந்துவிடும்.

துளை போட்ட தெர்மோஸ்ரற்றை வைத்து மூடிப் பூட்டி, ரேடியேற்றரையும் மெதுவாக நிரப்பினேன். அவசரமாக ஊற்றினால் தண்ணீரே காற்றை இழுத்துக்கொண்டு போகும். உம்மா சின்னவர்களுக்கு மருந்து பருக்குகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றி முடிந்தபோது கணக்கில் நாலரை லீற்றருக்குச் சற்று மேல்.

மூடியைப் போடாமலே ஸ்ராட் செய்யச் சொன்னார். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. சோக்கைச் சற்று இழுத்து, கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார்கள். நான் ரேடியேற்றர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார்.

குமிழிகள் வந்தன. முதலில் பெரியவை, களுக் களுக்கென்று. ஒவ்வொன்றுக்கும் மட்டம் இறங்கியது; நான் ஊற்றினேன். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். மேல் ஹோஸ் இன்னும் குளிர். பிறகு ஐயா "இந்தா" என்று கையை எடுத்தார். ஹோஸ் திடீரென்று சுட்டது. கதவு திறந்துவிட்டது. ரேடியேற்றரில் மட்டம் ஒரேயடியாகக் கீழே போய், நாலைந்து பெரிய குமிழிகள் ஒன்றாக வெடித்தன. ஊற்றினேன். பிறகு சின்னக் குமிழிகள், சோடாவில் வருவது போல, விடாமல்.

அவை நிற்கவில்லை. வாப்பா பக்கத்தில் வந்து நின்றார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். வேகம் கூடும்போது குமிழியும் கூடுகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. கூடினால் அது சிலிண்டரிலிருந்து வருகிறது. மாணவர்கள் இருவரும் போகாமல் நின்றார்கள். மாங்காய் ஒன்று தகரத்தில் விழுந்து எல்லோரும் திடுக்கிட்டோம். குமிழிகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு நிமிடத்துக்கு முப்பத்தொன்று. அடுத்த நிமிடம் பதினெட்டு. அடுத்தது ஏழு. ஐயா வேகத்தைக் கூட்டிப் பிடித்தார். தண்ணீர் சுழித்து ஓடியது, தெளிவாக. அதன் மேல் மாமர இலைகளின் நிழல் தெரிந்தது. இரண்டு. பிறகு ஒன்று. பிறகு நான் எண்ண ஒன்றும் இல்லை.

பத்து நிமிடம் மேலும் ஓடவிட்டார். ஒன்றும் வரவில்லை.

"முடிஞ்சுது. ஹெட்டுக்கு ஒண்டுமில்லை."

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு காரின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மொத்தம் ஐந்தரை லீற்றர் போயிருந்தது. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தச் சொன்னார் ஐயா. சூடேறினால் தண்ணீர் விரியும்; அதற்கு இடம் வேண்டும். மூடியைப் பார்த்து அதன் றப்பர் வளையத்தை மாற்றினார். 7 இறாத்தல் அமுக்க மூடி அது. அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். ஆகவேதான் சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. திறந்த கணத்தில் அமுக்கம் இறங்கி, அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஐயாவின் இடது முன்கையில் பழைய வெந்த தழும்பு ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் இதைச் சொன்னார். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் அதே அளவு கெட்டது. நல்ல ஹெட்டும் அதில்தான் வெடிக்கும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், மூடியைத் திறந்து பார்த்தோம். இரவில் எங்கோ மிச்சமிருந்த காற்றும் ஏறியிருந்தது. அரைக் கோப்பை பிடித்தது. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகளில் இருவர் ஏறினார்கள். மாத முடிவில் நால்வரும். பருத்தித்துறைக்கு ஒரு கலியாண ஹயர் கிடைத்தது. போய்வரும் வழியில் வல்லை வெளியின் வெயிலில் காரை நிறுத்தி மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்ததாக வாப்பா சொன்னார். என்னுடைய கணக்குக் கொப்பியின் கடைசித் தாளை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள்.

ஐயா அன்று கூலியாக வாங்கியது குளிர்திரவத்தின் விலையை மட்டும். வாப்பா வற்புறுத்தியபோது, பணம் வேண்டாம், இரும்புக்கு வரும் பழைய எஞ்சின்களில் அந்தப் பக்கத்துக் குழாய்த் திறப்பு இருந்தால் உருக்குவதற்குக் கொடுக்காமல் எடுத்து வைக்கும்படி கேட்டார். பித்தளையில் செய்தது, இப்போது எங்கும் வாங்க முடியாதாம். வாப்பாவின் வளவில் இப்போது அதற்கென்று ஒரு பால்மாத் தகரம் இருக்கிறது. சென்ற மாதம் திருநெல்வேலிக்குப் போனபோது ஆறு திறப்புகள் சேர்ந்திருந்தன. ஐயா ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, நாலு நல்லது என்றார்.